உள்ளே இருந்து பேசுவது

"உள்ள போனா எவ்வளவு நேரம் இருப்ப?" என்று டாக்டர் கேட்டார்.

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த மாமியார் முத்துமாரியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அதையேன் கேக்கிய டாக்டரம்மா. இவ உள்ள போனா நான் உலை வச்சு, சோறு வடிச்சு, எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காப்பியும் ஆத்திக் குடுத்துருவேன். அவுக புறவாசல்ல நின்னு இருமிக்கிட்டே கெடப்பாக. பெறகுதான் மகாராணி வெளிய வருவா."

"போன் கொண்டுபோவியா?"

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மூலம் முற்றிவிட்டது, மாத்திரையில் அடங்காது, திருநெல்வேலிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்வதுதான் நல்லது என்றார்.

"ஆபரேஷன் பண்ணிட்டா மட்டும் போதாதும்மா. பழக்கத்த மாத்தணும். வர்றப்ப உடனே போயிரணும், அடக்கி வைக்கக் கூடாது. வரலயா, உக்காந்து முக்கக் கூடாது, எந்திரிச்சு வந்துரணும். போன் வெளியதான் இருக்கணும். காலையில எந்திரிச்சதும் தண்ணி குடிக்கிறியா?"

"இவளா? எட்டு மணி வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது" என்றாள் முத்துமாரியம்மாள்.

"இதெல்லாம் மாத்தலன்னா திரும்ப வரும். வந்தா இதவிட மோசமா வரும்."

கோகிலா அந்தக் கடைசி வார்த்தைகளை மட்டும் கேட்டாள். மற்றதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் கணவன் மாரிராஜ் கத்தாரில் இருந்தான். கல்யாணமானதும் ஒன்றரை மாதம் கூட இருந்துவிட்டுப் போனவன். வரும் ஆடியோடு இரண்டு வருடம் முடிகிறது. சங்கரன்கோவிலில் அந்த வீட்டுக்கு ஒரு ஹாலும் ஒரு அடுப்படியும்தான். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அடுப்படியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவன் போனதும் அவள் ஹாலுக்கு வந்து, மாமியாருக்கும் நாத்தனார் மாலாவுக்கும் நடுவில் படுத்தாள். தெருவில் நின்று பேசலாம் என்றால் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினால் தெருவே கேட்கும்.

செய்தி எழுதி அனுப்பலாம். ஆரம்பத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். மாரிராஜ் போனை வீட்டுக்கு என்று வாங்கி அனுப்பியிருந்தான். பகலில் அது யார் கையிலும் இருக்கும். ஒரு நாள் மாலா அதை எடுத்துப் பாட்டுப் போடப் போனவள், அண்ணன் எழுதியிருந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்துவிட்டாள். மாமனார் கருத்தப்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முத்துமாரியம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருவில் நாலு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அதோடு எழுதுவது நின்றது.

தாழ்ப்பாள் உள்ள கதவு அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. புறவாசலில், சிமெண்ட் ஷீட் போட்ட கழிப்பறைக் கதவு.

கத்தாரில் விடிவதற்கு முன்பு, கம்பெனி பஸ்ஸுக்காக கேம்ப் வாசலில் நிற்கும் நேரத்தில் மாரிராஜ் கூப்பிடுவான். இங்கே அப்போது நன்றாக விடிந்து தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். போன் ஒருமுறை அடித்து நிற்கும். அவள் போனைப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு உள்ளே போய்த் தாழிடுவாள். பிறகு இவள் கூப்பிடுவாள்.

நாலு பேர் புழங்குகிற இடத்துக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போனால் மாமியார் கண்ணில் படாமல் இருக்காது. காலையில் ஒருமுறைதான் போகலாம். அதனால் வயிறு முட்டினாலும் போன் வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்தால் முன்னாலேயே வந்துவிடும் என்று தண்ணீர் குடிப்பதை விட்டாள். கொஞ்ச நாளில் வருவது நின்று, முக்கவேண்டியதாயிற்று. முக்குவதும் பேசுவதும் ஒன்றாக முடியாது. பேசி முடித்துவிட்டு முக்குவாள். ரத்தம் பார்த்த முதல் நாள், அது மாதவிலக்கு என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அப்படி நினைக்க முடியவில்லை.

அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. பூ மார்க்கெட்டில் பிச்சி என்ன விலைக்குப் போனது என்பாள். ரூமில் மலையாளத்துக்காரன் மீன் குழம்பு வைத்தான் என்பான். ஊருக்கு வந்ததும் ஒரு லோடு ஆட்டோ போட்டு மார்க்கெட்டுப் பூவைத் தூத்துக்குடிக்கு ஓட்டப்போவதைப் பற்றிச் சொல்வான். புளியங்குடி ரோட்டில் தனியாக ஒரு வீடு பார்ப்பதைப் பற்றிச் சொல்வான். பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள். அவன் மூச்சு விடுவது கேட்கும். அவனுக்குப் பின்னால் யாரோ பீடி குடித்துவிட்டு இருமுவார்கள். எங்கோ ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் டிக் டிக் என்று கேட்கும். அந்த நேரம்தான் கோகிலாவுக்கு அவனோடு குடித்தனம் நடத்துவதுபோல இருந்தது. ஒன்றரை மாதத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகமாக, அந்தப் பேசாத நேரங்களில் அவனைத் தெரிந்துகொண்டாள்.

"ஆடித் தபசுத் திருநாளுக்கு வந்துருவேன் பிள்ள. வந்தா போகமாட்டேன்" என்று அவன் சொன்னதும் அவள் உள்ளே இருந்தபோதுதான்.

"அத்தை விடமாட்டாங்க. மாலா கல்யாணம் இருக்குங்காங்க."

"அம்மா ஹால்ல ஸ்பீக்கரப் போட்டு ஆயிரம் பேசுவா. நானும் ஹால்ல ஆமா ஆமான்னு சொல்லுவேன். அதெல்லாம் கணக்கில்ல. நீ உள்ள இருந்து சொல்லு, அதுதான் எனக்கு."

"வந்துருங்க."

"அப்பச் சரி."

வைகாசியில் ஆபரேஷன் ஆயிற்று. எங்கே ஆபரேஷன் என்று அவனிடம் சொல்ல அவளால் முடியவில்லை. கூட இருந்தது ஒன்றரை மாதம். அவளைப் பற்றி நினைப்பதற்கு அவனிடம் இருப்பதே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தாள். முத்துமாரியம்மாள் தானாகவே "வயித்துல சின்னக் கட்டிய்யா, எடுத்தாச்சு" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். கோகிலா மறுக்கவில்லை. ஊருக்கும் அதையே சொன்னார்கள்.

எதிர்வீட்டு ராஜேஸ்வரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தாள்.

"ஆபரேஷன் எங்கனட்டி?"

"வயித்துல மதினி."

"வயித்துலன்னா ஏன் ஒருச்சாஞ்சு உக்காந்திருக்க?"

"உக்காருறதுக்கு என்னட்டி சட்டமா போட்டுருக்கு?" என்றாள் முத்துமாரியம்மாள். "நீ காப்பியக் குடி, ஆறுது."

முத்துமாரியம்மாள் மருமகளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாக வயிற்றைக் கலக்கியபோது, உடைந்த கண்ணாடி வழியே போவதுபோல வலித்தது. கோகிலா கதவைத் திறந்து போட்டுவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்துமாரியம்மாள் முகத்தைத் திருப்பாமல் நின்றாள். "மூச்ச விடு. முக்காத. தன்னால வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அவளை அதில் உட்காரவைத்தாள். கேப்பைக் கூழ், பீர்க்கங்காய், தினமும் ஒரு கீரை. வீட்டில் கருவாட்டு வாசனையே இல்லாமல் போயிற்று. மாமனார் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வந்தார்.

கோவிலுக்குப் போய்ப் புற்றுமண்ணும் கொண்டுவந்தாள் முத்துமாரியம்மாள். புண்ணில் பூசலாம் என்றாள்.

"டாக்டரம்மா திட்டுவாங்க அத்தை."

"அம்மன் மண்ணுட்டி. அது எங்கன பட்டா என்ன?"

"புண்ணு பழுத்துரும்."

முத்துமாரியம்மாள் மண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்தாள். "சரி, நாக்குல வை. உள்ள போயி அதுவா எடத்தத் தேடிக்கிடும்" என்றாள். கோகிலா சிரித்தாள். சிரித்தால் வலித்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் முத்துமாரியம்மாள் விடவில்லை. போன் ஹாலில் சாமி படத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டாக்டரம்மா சொன்னது. கோகிலாவும் விட்டுவிட்டாள். பயந்திருந்தாள். திரும்ப வந்தால் மோசமாக வரும் என்ற பேச்சு காதிலேயே இருந்தது.

எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்தாள். கொஞ்ச நாளில், வெளிச்சம் வருவதற்குள்ளேயே வயிறு தானாகக் கூப்பிட ஆரம்பித்தது. போவாள், உட்கார்ந்த உடனே முடிந்துவிடும், எழுந்து வந்துவிடுவாள். மாரிராஜ் கூப்பிடும்போது அவள் பல் துலக்கி, முகம் கழுவி, ஹாலில் இருப்பாள். உள்ளே போவதற்கு ஒரு காரணமும் இருக்காது.

போன் ஸ்பீக்கரில் இருக்கும். மாமனார், மாமியார், மாலா எல்லாரும் பேசி முடித்த பிறகு அவள் முறை வரும்.

"சாப்டியா?"

"இனிமேத்தான். நீங்க?"

"சாப்டணும்."

"வேலை எப்படி இருக்கு?"

"இருக்கு."

அதற்கு மேல் இரண்டு பேரும் பழக்கத்தில் பேசாமல் இருப்பார்கள். உடனே முத்துமாரியம்மாள் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன, லைன் கட்டாயிட்டா?"

"இல்ல அத்தை."

"பெறகு ஏன் சும்மா இருக்கிய? காசு போகுதுல்லா. ஏய்யா மாரி, கேக்குதா?"

"கேக்குதும்மா" என்பான் அவன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அவன் விஷயத்துக்கு வந்தான். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்கிறார்கள், இருக்கிறாயா போகிறாயா என்று சீக்கிரம் சொல்ல வேண்டும் என்றான். முத்துமாரியம்மாள் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாலாவைப் பார்த்துவிட்டுப் போன கடையநல்லூர்ப் பக்கத்து இடத்தைப் பற்றிச் சொன்னாள். மாலா அடுப்படிக்குள் போய்விட்டாள். கருத்தப்பாண்டி, திருவேங்கடம் ஊர்ப் பக்கம் இருக்கிற தங்கள் கரிசக்காட்டில் இந்த வருசமும் விளைச்சல் ஒன்றும் இல்லை என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"கோகிலா என்ன சொல்லுதா?"

ஹாலில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முத்துமாரியம்மாளின் கையில் அவளுக்காக ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக் கீரை இருந்தது.

"நான் என்ன சொல்ல" என்றாள் கோகிலா. "அத்தை சொல்றதுதான். உங்க இஷ்டம்."

முத்துமாரியம்மாள் போனை எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, லைன் கட்டாயிட்டா?"

"இல்லம்மா. யோசிச்சுச் சொல்லுதேன். கோகிலாவும் நல்லா யோசிச்சுச் சொல்லட்டும்."

அவன் அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னது கோகிலாவுக்குக் கேட்டது. அவளுக்குப் பயமில்லை. ஹாலில் பேசுவது கணக்கில்லை என்று அவன்தானே சொன்னான். தன் மனசு அவனுக்குத் தெரியும். எப்போதோ முடிவு செய்தாகிவிட்ட விஷயம். இனி அவன் அங்கே இருந்து எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு ஆடியில் வந்து இறங்குவான் என்று நினைத்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

அதன்பிறகு நாலைந்து நாள் அவன் கூப்பிட்டபோதெல்லாம் கோகிலாவிடம் கொடுக்கச் சொன்னான். அவளிடம் கொடுத்த பிறகு ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "வேற என்ன?" என்று கேட்டான். "வேற ஒண்ணும் இல்ல" என்றாள். ஒருமுறை, "உடம்பு எப்படி? எல்லாம் பழையபடி ஆயிட்டா?" என்று கேட்டான். ஆயிட்டு என்று சொன்னாள். பிறகு இரண்டு நாள் அவன் கூப்பிடவே இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் ஏன் அப்படி ஒன்றும் பேசாமல் இருந்தான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே இருந்து வரும் அழைப்புக்குத்தான் காத்திருக்கிறானோ என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் அவனுடைய அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. முத்துமாரியம்மாள் தெருக்குழாயில் நிற்கும்போது சாமி படத்துக்குக் கீழே இருந்து போனை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். தாழிட்டாள். உட்காரவில்லை. வாளிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அம்மா?" என்றான் அவன்.

"நான்தான். உள்ள இருந்து பேசுதேன்."

பின்னால் ஆட்கள் பஸ்ஸில் ஏறும் சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"வந்துருங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அத்தை என்ன சொன்னாலும் வந்துருங்க."

"முந்தாநாள் கையெழுத்துப் போட்டுட்டேன் பிள்ள."

கோகிலா சுவரில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் எப்பவோ சொல்லிட்டேனே" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"எப்பச் சொன்ன? எல்லாரும் இருக்கையில கேட்டேன், உங்க இஷ்டம்ன்ன. சரி, நாளைக்கு உள்ள போயிக் கூப்பிடுவான்னு இருந்தேன். கூப்பிடல. அதுக்கு மறுநாளும் இருந்தேன். ஒரு நாள் நீ கூப்பிடுவ கூப்பிடுவன்னு நின்னு பஸ்ஸயே விட்டுட்டேன். உடம்பு சரியாயிட்டான்னு கேட்டேன், ஆயிட்டுன்ன. சரியான பெறகும் அவ வரல, அப்ப அவளுக்கும் நான் இங்கன இருக்கதுதான் வேணும்போலன்னு நெனச்சேன்."

"என்னால வர முடியல."

"வயித்துல கட்டி எடுத்தவளால பாத்ரூம் போக முடியாதா?"

"வயித்துல இல்லங்க."

அவள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"மூலம். ரத்தமா போச்சு. அதுக்குத்தான் ஆபரேஷன். உள்ள ரொம்ப நேரம் உக்காந்ததாலதான்னு சொன்னாங்க. போனக் கொண்டுபோகக் கூடாதுன்னாங்க. வந்தா உடனே போயிரணும்னாங்க. எனக்கு இப்பல்லாம் நீங்க கூப்பிடுறதுக்கு முன்னாலயே வந்துருது."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் உடைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அங்கே அவன் சிரிக்க ஆரம்பித்ததுபோல ஒரு சத்தம் வந்து, பாதியில் நின்றது.

"இதுக்கா சொல்லாம இருந்த?"

"எப்படிச் சொல்ல?"

"எங்க ரூம்ல பாதிப் பேருக்கு இருக்கு. வெயில்ல நிக்கவன், தண்ணி குடிக்காதவன், எல்லாவனுக்கும் இருக்கு. வாளியில சுடுதண்ணிய வச்சுக்கிட்டுச் சண்ட போடுவானுவ. நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன் பிள்ள."

"எனக்குத் தெரியாதே."

"எனக்குந்தான் தெரியாது."

இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். அவன் மூச்சு விடுவது பழையபடி கேட்டது. முன்பு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரமும் இருப்பாள். இப்போது அதைக் கேட்கக் கேட்க, இன்னும் இரண்டு வருடத்துக்கு இதுதான் என்று தோன்றியது.

"கையெழுத்தத் திருப்பி வாங்க முடியாதா?"

"விசா அடிக்க பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போயிட்டானுவ. இனி கேட்டா டிக்கெட்டும் கிடையாது, சம்பளத்தயும் பிடிச்சிருவான்."

"தபசுக்கு லீவாவது?"

"ஒரு வருசம் கழிச்சுத்தான் லீவு." பிறகு, "நான் கேட்டுருக்கணும். வாயத் தொறந்து கேட்டுருக்கணும். அம்மா இருந்தா என்ன, அப்பா இருந்தா என்ன" என்றான்.

"நானும் சொல்லியிருக்கலாம்" என்றாள் கோகிலா.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"ஏட்டி கோகிலா" என்று முத்துமாரியம்மாளின் குரல் கேட்டது. அதில் கோபமில்லை. "நேரமாயிட்டே. முக்குதியா? முக்காதட்டி. வரலன்னா எந்திரிச்சு வந்துரு. டாக்டரம்மா என்ன சொன்னாக?"

அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"போ" என்றான். "உள்ள ரொம்ப நேரம் நிக்காத. பஸ்ஸு எடுக்கான்."

அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பஸ்ஸின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் ஏதோ சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

கோகிலா வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு தாழைத் திறந்தாள். முத்துமாரியம்மாள் வாசல்படியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மருமகளின் முகத்தையும் கையில் இருந்த போனையும் பார்த்தாள்.

"இதத்தானே வேண்டாம்னு சொன்னாக" என்று போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரத்தம் வந்துட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தை."

"பெறகு ஏன் அழுத?"

கோகிலா வாயைத் திறந்தாள். முத்துமாரியம்மாளுக்குப் பின்னால் மாலா தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். மாமனார் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். தெருவில் தறி ஓட ஆரம்பித்திருந்தது.

"வலிக்கி" என்றாள்.

"புண்ணு ஆறிட்டுன்னுதானே சொன்னாக. பழையபடி வலிக்கா?"

"ஆமா."

முத்துமாரியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் உண்மையாகவே பயம் தெரிந்தது. "மாலா, வெந்நி போடு" என்று சத்தம் கொடுத்துவிட்டு, கோகிலாவின் தோளைப் பிடித்து, படியில் தடுக்கிவிடாமல் ஒவ்வொரு அடியாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.